ஒரு மதிப்பெண் கேள்விக்குள் 27 ஆண்டுகள்

சூரியனில் முதலில் அறியப்பட்டு, அதன் பிறகு பூமியில் கண்டுபிடிக்கப்பட்ட தனிமம் எது?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இந்தக் கேள்வியை எங்காவது சந்தித்திருப்பார்கள். பள்ளி வினாடி வினாவில் கேள்வி முடிவதற்குள் ‘ஹீலியம்’ என்று சொல்லிவிடும் பிள்ளைகள் உண்டு. கைதட்டல் கிடைக்கும், ஒரு மதிப்பெண் கிடைக்கும், அடுத்த கேள்வி வந்துவிடும்.

அந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து ஒரு குப்பி வாயுவை எடுத்து வர எந்த வழியும் கிடையாது. அப்படியிருக்க, பூமியில் அதுவரை எவர் கையிலும் சிக்காத ஒரு பொருள் அங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது?

இந்த இரண்டாவது கேள்வியை வினாத்தாள்கள் கேட்பதில்லை. பொது அறிவு என்ற பெயரில் நாம் மனப்பாடம் செய்யும் ஆயிரக்கணக்கான விடைகளுக்குள் அறிவியல் ஒளிந்திருப்பது இந்த இரண்டாவது கேள்வியில்தான். ஹீலியம் என்ற ஒற்றைச் சொல்லை எடுத்துக்கொண்டு, ‘எப்படித் தெரிந்தது?’ என்று விடாமல் கேட்டுக்கொண்டே போனால் அது நம்மை ஆந்திரக் கடற்கரைக்கும், லண்டன் ஆய்வகத்துக்கும், கன்னியாகுமரி மணலுக்கும், ஆஸ்பத்திரி ஸ்கேன் அறைக்கும் அழைத்துப் போகிறது.

பொங்கி வழிந்த கஞ்சி சொல்லும் பாடம்

உப்புப் போட்ட கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தால், நீலமாக எரிந்துகொண்டிருந்த சுடர் சட்டென்று மஞ்சளாக மாறும். சமையலறையில் நின்ற எல்லோரும் பார்த்திருக்கிறோம். உப்பிலுள்ள சோடியம் சூடேறும்போது வெளியிடும் ஒளி அது. தீபாவளி மத்தாப்பில் பச்சை நிறம் வருவது பேரியத்தால், சிவப்பு வருவது ஸ்ட்ரான்சியத்தால். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய நிறங்கள் உண்டு.

வெறும் கண்ணுக்கு ஒரே மஞ்சளாகத் தெரியும் அந்த ஒளியை ஒரு முப்பட்டகத்தின் வழியாக விரித்துப் பார்த்தால் சோடியத்தின் அடையாளம் இன்னும் துல்லியமாகத் தெரியும். 589.0, 589.6 நானோமீட்டர் அலைநீளங்களில், ஒன்றை ஒன்று ஒட்டினாற்போல் இரண்டு மஞ்சள் கோடுகள். உலகின் எந்த மூலையில் எடுத்த உப்பானாலும் இதே இரண்டு கோடுகள், இதே இடத்தில். கைரேகையைப் போல.

இந்த ரேகையைப் படிக்கக் கற்றுக்கொள்ள அறிவியலுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. பவேரியாவில் கண்ணாடி வார்க்கும் தொழிலில் இருந்த யோசப் ஃபிரான்ஹோஃபர், 1814இல் சூரிய ஒளியை விரித்துப் பார்த்தபோது வானவில் நிறங்களுக்கு நடுவே நூற்றுக்கணக்கான கறுப்புக் கோடுகளைக் கண்டார். முக்கியமானவற்றுக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்துகளால் பெயரிட்டார். மஞ்சள் பகுதியில் இருந்தது டி. அந்தக் கோடுகள் ஏன் அங்கே இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியவில்லை.

1835இல் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஆகஸ்ட் காம்ட், நட்சத்திரங்கள் எந்தப் பொருளால் ஆனவை என்பதை மனிதன் ஒருபோதும் அறிய முடியாது என்று எழுதினார். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை. 1859இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் குஸ்தாவ் கிர்ச்சாஃப், ராபர்ட் புன்சன் இருவரும் விடையைக் கண்டுவிட்டார்கள். சூடான வாயு தனக்குரிய கோடுகளை ஒளியாக வெளியிடுகிறது. அதே வாயுவின் வழியாகப் பின்னாலிருந்து பிரகாசமான ஒளி வந்தால், அதே இடங்களில் ஒளியை விழுங்கிக் கறுப்புக் கோடுகளை உண்டாக்குகிறது. ஃபிரான்ஹோஃபரின் டி கோடு, சூரியனைச் சுற்றியுள்ள சோடியத்தின் வேலை.

இந்த முறை எவ்வளவு கூர்மையானது என்பதை அவர்களே நிரூபித்துக் காட்டினார்கள். அதுவரை தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் சொந்தமில்லாத நீலக் கோட்டைக் கனிம நீரில் கண்டு, சீசியத்தை 1860இல் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே சிவப்புக் கோடுகளால் ரூபிடியத்தைக் கண்டார்கள். புதிய கோடு தெரிந்தால் புதிய தனிமம் என்ற நம்பிக்கை இப்படித்தான் பிறந்தது. ஹீலியத்துக்கான பாதையைத் திறந்தது இந்த நம்பிக்கைதான்.

குண்டூரில் ஒரு காலைப் பொழுது

1868 ஆகஸ்ட் 18. அன்றைய முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் ஏடனிலிருந்து புறப்பட்டு இந்தியாவைக் குறுக்கே கடந்து, இன்று தாய்லாந்து எனப்படும் சயாம் வரை சென்றது. ஒளியை விரித்துக் கோடுகளைக் காட்டும் நிறமாலைமானி என்ற புதிய கருவி வந்த பிறகு இந்தியாவில் தெரியும் முதல் பெரிய கிரகணம் அது. முழு மறைப்பு ஐந்து நிமிடத்துக்கும் மேல் நீடிக்கும் என்று கணக்குச் சொன்னதால் ஐரோப்பிய வானியலாளர்கள் பலர் கப்பலேறி வந்தார்கள்.

அன்று சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில், பிரான்ஸிலிருந்து வந்த ஜூல்ஸ் ஜான்சென் தம் கருவிகளுடன் காத்திருந்தார். பிரிட்டிஷ் குழு ஒன்றும் அதே ஊரில் முகாமிட்டிருந்தது. மசூலிப்பட்டினத்தில், சென்னை வானாய்வகத்தின் அரசு வானியலாளரான நார்மன் ராபர்ட் போக்சன் இருந்தார். நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்க இன்றும் உலகம் பயன்படுத்தும் அளவுமுறையை 1856இல் முன்மொழிந்தவர் இவர்தான். சென்னை வானாய்வகத்தின் முதல் உதவியாளரான சிந்தாமணி ரகுநாதாச்சாரி, வனபர்த்திக்கு ஒரு குழுவை அழைத்துச் சென்றிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார் அவர்.

நிழலின் பாதையில் சயாமின் வா கோ என்ற கிராமமும் இருந்தது. அந்நாட்டு மன்னர் மோங்குட் கிரகணத்தின் நேரத்தையும் இடத்தையும் தாமே கணித்து, விருந்தினர்களை அழைத்துப் போய்க் காட்டினார். அந்தக் காட்டுப் பயணத்தில் மலேரியா தொற்றி, அக்டோபர் 1ஆம் தேதி இறந்தார். இன்றும் தாய்லாந்து ஆகஸ்ட் 18ஐ தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறது.

சந்திரன் சூரியனை முழுதாக மறைத்தபோது, விளிம்பில் செந்நிறப் பிழம்புகள் எழுந்து நின்றன. அவை எதனால் ஆனவை என்பது அதுவரை வாதத்தில் இருந்தது. நிறமாலைமானியில் அந்தப் பிழம்புகள் பளிச்சென்ற தனித்தனிக் கோடுகளாகத் தெரிந்தன. சூடான வாயு என்பது அந்தக் கணமே உறுதியாயிற்று. ஹைட்ரஜனின் கோடுகள் தெளிவாக இருந்தன. கூடவே ஒரு மஞ்சள் கோடும் இருந்தது.

பார்த்தவர்களில் பெரும்பாலோர் அதைச் சோடியத்தின் டி கோடு என்றே எண்ணினார்கள். மஞ்சள் என்றால் சோடியம் என்பது கண்ணுக்குப் பழகிப்போன விடை. போக்சன் மட்டும், அது டி இருக்கும் இடத்திலோ அதற்கு அருகிலோ தெரிந்தது என்று கவனமாகக் குறித்துவைத்தார். ஆனால் அவருடைய அறிக்கை சென்னையைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை.

ஜான்செனின் மனம் வேறொன்றில் லயித்திருந்தது. கோடுகள் அவ்வளவு பிரகாசமாக இருக்கின்றனவே, கிரகணம் இல்லாத நாளில் அவற்றைப் பார்க்க முடியாதா? நிறமாலைமானி சூரியனின் வெள்ளை ஒளியை நெடுக விரித்து மங்கச் செய்துவிடும். பிழம்பின் ஒளியோ சில கோடுகளில் மட்டும் குவிந்திருப்பதால் மங்காது. மறுநாள் காலையிலேயே கருவியைச் சூரிய விளிம்பில் திருப்பினார். கோடுகள் தெரிந்தன. சில நிமிடக் கிரகணத்துக்காகக் கடல் கடந்து ஓட வேண்டியிருந்த நிலை குண்டூரில் முடிவுக்கு வந்தது.

இரண்டு கடிதங்கள், ஒரு கோடு

லண்டனில் போர்த்துறை அலுவலகத்தில் எழுத்தராக இருந்த நார்மன் லாக்யருக்கும் இதே எண்ணம் முன்பே தோன்றியிருந்தது. அவர் கேட்ட நிறமாலைமானி வந்து சேரத்தான் தாமதமானது. குண்டூர்ச் செய்தி ஏதும் தெரியாமலே, 1868 அக்டோபர் 20ஆம் தேதி தம் வீட்டிலிருந்தே அவர் சூரியப் பிழம்பின் கோடுகளைப் பார்த்தார். இருவருடைய கடிதங்களும் பாரிஸில் உள்ள அறிவியல் கழகத்தில் அக்டோபர் 26ஆம் தேதி, ஒரே கூட்டத்தில் படிக்கப்பட்டன. பிரெஞ்சு அரசு இருவருடைய உருவத்தையும் பொறித்து ஒரு பதக்கம் வெளியிட்டது.

பொது அறிவு நூல்களில் ‘ஹீலியத்தைக் கண்டுபிடித்தவர்கள் ஜான்சென், லாக்யர்’ என்று இருவர் பெயரும் சேர்ந்து வருவதற்கு இந்தக் கடிதங்களே காரணம். உண்மையில் அந்தக் கடிதங்கள் சொன்னது, கிரகணம் இல்லாமல் பிழம்பைப் பார்க்கும் வழியைத்தான். மஞ்சள் கோட்டைப் புதிய தனிமத்தோடு ஜான்சென் இணைக்கவில்லை.

அதைச் செய்தவர் லாக்யர். நாள்தோறும் பார்க்க முடிந்ததால் அவருக்கு அளக்க நேரம் கிடைத்தது. மஞ்சள் கோடு சோடியத்தின் இரண்டு கோடுகளோடும் பொருந்தவில்லை. இன்றைய அளவில் சொன்னால் 587.6 நானோமீட்டர், சோடியத்திலிருந்து இரண்டு நானோமீட்டருக்கும் குறைவாக விலகி நின்றது. சோடியத்தின் கோடுகளை டி1, டி2 என்று அழைத்ததால் இது டி3 ஆயிற்று. வேதியியலாளர் எட்வர்ட் ஃபிராங்க்லாண்டுடன் சேர்ந்து, தெரிந்த வாயுக்களை வெவ்வேறு அழுத்தங்களில் வைத்து ஆய்வகத்தில் அந்தக் கோட்டை உண்டாக்கிப் பார்க்க முயன்றார். எதுவும் டி3ஐக் காட்டவில்லை.

சூரியனைக் குறிக்கும் ‘ஹீலியோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து ஹீலியம் என்ற பெயர் பிறந்தது. சோடியம், பொட்டாசியம், கால்சியம் என்று உலோகங்களின் பெயர்கள் முடிவதைப் போல இதற்கும் வைத்தார்கள். இது ஓர் உலோகமாக இருக்கும் என்பது அப்போதைய ஊகம். இதன் உறவுக்கார வாயுக்கள் பின்னால் நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான் என்று பெயர் பெற்றன. ஹீலியம் மட்டும் வரிசையில் தனித்து ஒலிக்கிறது. ஒரு தவறான ஊகம் அந்தப் பெயருக்குள் இன்றும் அப்படியே இருக்கிறது.

வழக்கமான சூரிய ஒளியில் காணப்படும் கறுப்புக் கோடுகளுக்குள் டி3 ஏன் இல்லை? சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். ஹீலியம் அணு எளிதில் கிளர்ச்சி அடையாத அணு. அந்த வெப்பம் அதற்குப் போதாது. மேற்பரப்புக்கு மேலே உள்ள நிறமண்டலத்தின் வெப்பமான பகுதிகளிலும் பிழம்புகளிலும்தான் அது ஒளிர்கிறது. அதனால்தான் ஃபிரான்ஹோஃபர் எண்ணிய நூற்றுக்கணக்கான கோடுகளில் அது சிக்கவில்லை. அதைக் காட்டுவதற்கு ஒரு கிரகணம் தேவைப்பட்டது.

அவநம்பிக்கையின் ஆண்டுகள்

இங்கே கதை முடிந்திருந்தால் பாடநூல் விடை சரியாக இருந்திருக்கும். ஆனால் அறிவியல் உலகம் ஒரு கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு புதிய தனிமத்தை ஏற்க மறுத்தது. விசித்திரமான வெப்பத்தில், அழுத்தத்தில் ஹைட்ரஜனே அப்படி ஒளிரலாம் என்றார்கள் பலர். மெண்டலீவ் 1869இல் வெளியிட்ட தனிம அட்டவணையில் ஹீலியத்துக்கு இடமே இல்லை. அந்தச் சந்தேகம் நியாயமானது. கையில் பொருள் இல்லை, எடை தெரியாது, வேதிப் பண்பு தெரியாது.

திருப்பம், சூரியனைப் பற்றி நினைக்காத ஒருவரிடமிருந்து வந்தது. 1894இல் லார்ட் ராலேவும் லண்டனில் வேதியியல் பேராசிரியராக இருந்த வில்லியம் ராம்சேயும் காற்றில் மறைந்திருந்த ஆர்கானைக் கண்டுபிடித்தார்கள். ஆர்கான் வேறு எதில் கிடைக்கும் என்று ராம்சே தேடினார். யுரேனியம் உள்ள சில கனிமங்களை அமிலத்தில் இட்டால் வினைபுரியாத ஒரு வாயு வெளிவருகிறது என்று அமெரிக்க வேதியியலாளர் வில்லியம் ஹில்லெப்ராண்ட் முன்பே எழுதியிருந்தார். அதை நைட்ரஜன் என்று அவர் கருதினார். அது ஆர்கானாக இருக்குமோ என்று ராம்சே எண்ணினார்.

1895 மார்ச் மாதம், கிளீவைட் என்ற கனிமத்தை வாங்கி அமிலத்தில் கொதிக்க வைத்தார். வந்த வாயுவைக் குழாயில் அடைத்து மின்சாரம் பாய்ச்சினார். நிறமாலையில் ஒரு பிரகாசமான மஞ்சள் கோடு. சோடியத்தோடு ஒப்பிட்டார், பொருந்தவில்லை. மாதிரியை வேதியியலாளர் வில்லியம் குரூக்ஸுக்கும் லாக்யருக்கும் அனுப்பினார். குரூக்ஸ் அளந்து சொன்னார்: அது டி3. அதே ஆண்டு ஸ்வீடனின் உப்சாலாவில் கிளீவ், லாங்லே இருவரும் தனியாக அதே வாயுவைப் பிரித்தெடுத்தார்கள்.

சூரியனில் பார்த்து 27 ஆண்டுகள் கழித்து, லாக்யர் தம் தனிமத்தைக் கண்ணாடிக் குழாயில் பார்த்தார். போர்த்துறை எழுத்தராகத் தொடங்கியவர் அப்போது 58 வயதைக் கடந்திருந்தார்.

அடுத்து வந்த ஆண்டுகளில் ராம்சே, மோரிஸ் டிராவர்ஸுடன் சேர்ந்து நியான், கிரிப்டான், செனான் மூன்றையும் கண்டுபிடித்தார். தனிம அட்டவணைக்குப் புதிதாக ஒரு பத்தியே சேர்ந்தது. 1900இல் ஜாம்ஷெட்ஜி டாடாவின் அறிவியல் நிறுவனத்துக்கு இடம் தேர்வதற்காக இந்தியா வந்து, பெங்களூரைப் பரிந்துரைத்தவரும் இதே ராம்சேதான். அந்த நிறுவனமே இந்திய அறிவியல் கழகம். அதன் முதல் இயக்குநராக டிராவர்ஸ் வந்தார்.

கல்லுக்குள் வாயு எப்படி வந்தது?

சூரியனில் இருக்கும் வாயு, யுரேனியக் கல்லுக்குள் எப்படி அகப்பட்டது? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் அணுவின் உள்கதவு திறந்தது.

யுரேனியமும் தோரியமும் மெல்ல மெல்லச் சிதைந்து வேறு தனிமங்களாக மாறுகின்றன. அப்போது ஆல்ஃபா துகள்களை வெளியே எறிகின்றன. மான்செஸ்டரில் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டும் தாமஸ் ராய்ட்ஸும் காகிதத்தைவிட மெல்லிய சுவர் கொண்ட கண்ணாடிக் குழாயில், ஆல்ஃபா துகள்களை வெளியிடும் ரேடான் வாயுவை அடைத்தார்கள். வாயு வெளியேற முடியாது. ஆல்ஃபா துகள்கள் மட்டும் சுவரைத் துளைத்து வெளிக்குழாயில் சேரும். சில நாள் கழித்து அங்கே மின்சாரம் பாய்ச்சியபோது அதே மஞ்சள் கோடு தோன்றியது. ஆல்ஃபா துகள் என்பது மின்னூட்டம் கொண்ட ஹீலியம் அணுவே என்று 1909இல் அறிவித்தார்கள். குண்டூர் வானத்தில் தெரிந்த கோடு, ஆல்ஃபா துகளின் அடையாள அட்டையாக மாறியது.

ஒரு யுரேனியம் 238 அணு, ஈயமாக மாறி ஓய்வதற்குள் எட்டு ஆல்ஃபா துகள்களை வெளியிடுகிறது. ஒரு துண்டு யுரேனியத்தில் உள்ள இத்தகைய அணுக்களில் பாதி சிதைவதற்கே 447 கோடி ஆண்டுகள் ஆகும். ஒரு தோரியம் அணு ஆறு துகள்களைத் தருகிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் கலந்த மணல் உண்டு. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அந்த மணிகளுக்குள்ளும் சிறிதளவு ஹீலியம் சிறைப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் கையில் பிடித்திருக்கும் பலூனில் உள்ள ஹீலியம் இப்படிப் பாறைகளுக்குள் பல கோடி ஆண்டுகளாகப் பிறந்தது. சூரியனிலிருந்து வந்தது கிடையாது.

சூரியனில் உள்ள ஹீலியத்தின் கதை வேறு. அதன் பெரும்பகுதி பிரபஞ்சம் தோன்றிய முதல் சில நிமிடங்களில் உண்டானது. மீதியைச் சூரியனே ஆக்குகிறது. அதன் மையத்தில் ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. அதில் 40 லட்சம் டன்னுக்கு மேல் ஆற்றலாக மாறி வெளிவருகிறது. நாம் காயவைக்கும் வடகமும் வயலில் விளையும் நெல்லும் அந்த ஆற்றலில்தான்.

சூரியன் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனது என்பது தெரியவந்தது 1925இல். ஹார்வர்டில் ஆய்வு செய்த சிசிலியா பெய்ன் என்ற 25 வயதுப் பெண்ணின் கணக்கு அதைக் காட்டியது. பூமியைப் போன்ற பொருள்களால்தான் நட்சத்திரங்களும் ஆனவை என்று அப்போது எல்லோரும் நம்பினார்கள். மூத்த வானியலாளர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸலின் அறிவுரைப்படி, இந்த முடிவு உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்று பெய்ன் தம் ஆய்வேட்டிலேயே எழுத நேர்ந்தது. நான்கே ஆண்டுகளில் ரஸ்ஸல் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்து, பெய்ன் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டார்.

எரியாத கிணறு

ஹீலியம் அரிய பொருளாக ஆய்வகக் குழாய்களில் மட்டும் இருந்த காலத்தில், 1903இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் டெக்ஸ்டர் என்ற சிற்றூரில் ஒரு வாயுக் கிணறு பீறிட்டது. ஊரே மகிழ்ந்தது. விழா எடுத்து, எரியும் வைக்கோல் கட்டை அதன் வாயருகே கொண்டு போனார்கள். பெரும் தீ எழும் என்று காத்திருந்தவர்கள் முன்னால் வைக்கோலின் நெருப்பு அணைந்துபோனது. அந்த வாயுவின் மாதிரியை 1905இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் கேடி, மெக்ஃபார்லண்ட் இருவரும் ஆராய்ந்தார்கள். பெரும்பகுதி நைட்ரஜன். கிட்டத்தட்ட 1.8 சதவீதம் ஹீலியம்! பாறையில் பிறந்த ஹீலியம் இயற்கை எரிவாயுவோடு சேர்ந்து நிலத்துக்கடியில் தேங்கியிருக்கிறது என்பது அன்று தெரிந்தது. இன்றும் உலகுக்கு ஹீலியம் பெரும்பாலும் இந்த வழியில்தான் கிடைக்கிறது. மேற்கு வங்கத்தின் பக்ரேஷ்வர் வெந்நீர் ஊற்றுகளிலும் ஹீலியம் குமிழிகளாக வெளிவருகிறது.

ஹைட்ரஜனைவிட ஹீலியம் இரண்டு மடங்கு எடை கொண்டது. ஆனாலும் தூக்கும் திறனில் அதற்கு ஏழெட்டு சதவீதம்தான் குறைவு. காரணம், இரண்டைவிடவும் காற்று மிகவும் கனமானது. தீப்பிடிக்காது என்பது பெரும் நன்மை. 1937 மே 6ஆம் தேதி, ஹைட்ரஜன் நிரப்பிய ஜெர்மனியின் ஹிண்டன்பர்க் வான்கப்பல் அமெரிக்காவில் இறங்கும்போது எரிந்து 36 பேர் இறந்தார்கள். ஹீலியத்தை வெளிநாட்டுக்கு விற்பதை அமெரிக்கா கட்டுப்படுத்தியிருந்த காலம் அது. நம் ஊர்த் திருவிழாக்களில் விற்கும் கேஸ் பலூன்களிலும் ஹைட்ரஜன் நிரப்பியவை உண்டு. அவற்றை விளக்கு, கற்பூரம், மத்தாப்பு அருகே கொண்டு போகக் கூடாது. ‘ஹீலியம் ஏன்?’ என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு இந்த எச்சரிக்கையும் சேர்ந்தே புரியும்.

கடுங்குளிரின் திரவம்

1908 ஜூலை 10ஆம் தேதி, நெதர்லாந்தின் லைடன் நகரில் ஹைகே கமர்லிங் ஆன்னஸ், மோனசைட் மணலைச் சூடாக்கிச் சேர்த்த ஹீலியத்தைத் திரவமாக்கினார். மைனஸ் 269 டிகிரி செல்சியஸ். அதைவிடக் குளிரான இடம் அன்று பூமியில் வேறில்லை. மூன்று ஆண்டுகளில், அந்தக் குளிரில் பாதரசம் தன் மின்தடையை முற்றிலும் இழப்பதை அவர் குழு கண்டது. மீக்கடத்துதிறன் என்ற பெரும் துறை அங்கே பிறந்தது.

இதன் பலனை நம்மில் பலர் நேரில் அனுபவித்திருக்கிறோம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவியின் காந்தம், மீக்கடத்தும் கம்பிச் சுருளால் ஆனது. வழக்கமான கருவிகளில் அந்தச் சுருள் ஆயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்கிறது. மூளைக்குள்ளும் முதுகுத்தண்டுக்குள்ளும் கத்தி வைக்காமல் மருத்துவர் பார்ப்பதற்கு அந்தக் குளிர் வேண்டும். ராக்கெட் தொட்டிகளில் எரிபொருளை அழுத்தித் தள்ளுவதற்கும் ஹீலியம் வேண்டும். எதனோடும் வினைபுரியாத வாயு என்பதால் இஸ்ரோவும் அதையே நம்புகிறது. தனக்குத் தேவையான ஹீலியம் ஏறத்தாழ முழுவதையும் இந்தியா இறக்குமதி செய்கிறது.

ஹீலியம் பலூனின் வாயுவை உறிஞ்சிப் பேசினால் குரல் கீச்சென்று மாறுவதைப் பிள்ளைகள் வேடிக்கையாகச் செய்வதுண்டு. காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் ஒலி, ஹீலியத்தில் அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் செல்கிறது. குரல்நாண் அதிரும் வேகம் மாறுவதில்லை. தொண்டையும் வாயும் எதிரொலிக்கும் விதம்தான் மாறுகிறது. இந்த விளையாட்டு ஆபத்தானது. ஹீலியத்தில் ஆக்சிஜன் கிடையாது. நுரையீரலை அது நிரப்பினால் மயக்கமும் மரணமும்கூட நேரலாம்.

வெடித்த பலூனின் ஹீலியம் எங்கே போகிறது? வேறெதனோடும் சேராது, மெல்ல மேலேறி, காலப்போக்கில் விண்வெளிக்குத் தப்பிவிடுகிறது. காற்றில் பத்து லட்சம் பங்கில் ஐந்து பங்குதான் ஹீலியம். பாறைக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் சேர்ந்த பொருள், ஒரு மாலை நேர விழாவில் நிரந்தரமாகப் போய்விடுகிறது.

அப்படியானால் கண்டுபிடித்தவர் யார்?

கேள்வித்தாளில் இடம் ஒரு வரிதான். ஆனால் கோடுகளுக்குப் பெயரிட்ட ஃபிரான்ஹோஃபர், அவற்றைப் படிக்கக் கற்றுத்தந்த கிர்ச்சாஃபும் புன்சனும், வழி காட்டிய ஜான்சென், ஐயத்தோடு குறித்துவைத்த போக்சன், அளந்து பெயரிட்ட லாக்யர், கையில் பிடித்துக் காட்டிய ராம்சே, பிறப்பிடத்தைச் சொன்ன ரூதர்ஃபோர்ட், சூரியனில் அதன் அளவைக் கணக்கிட்ட பெய்ன் என்று எத்தனை பேர்! அவர்களில் ஒருவர் மற்றவருடைய விடையை அப்படியே ஏற்று அமைந்திருந்தால் இந்தச் சங்கிலி அறுந்திருக்கும். மஞ்சள் என்றால் சோடியம். வினைபுரியாத வாயு என்றால் நைட்ரஜன். நட்சத்திரம் என்றால் பூமியின் பொருள். மூன்றும் அந்தந்தக் காலத்தின் பொது அறிவு விடைகள். மூன்றும் தவறு.

பொது அறிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடைகளைத் தெரிந்துகொள்வது நல்லது. வேலைவாய்ப்பே அதில் இருக்கும்போது மனப்பாடம் செய்வதிலும் தவறில்லை. ஆசிரியர்களிடமும் பெற்றோர்களிடமும் கேட்பது ஒன்றுதான். பிள்ளை சரியான விடை சொன்னதும் பாராட்டுங்கள். கூடவே, ‘அது எப்படித் தெரிந்தது?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். உங்களுக்கும் விடை தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து தேடுங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. போக்சனும் ரகுநாதாச்சாரியும் பணியாற்றிய வானாய்வகம், நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில்தான் இருந்தது. கட்டடம் மறைந்துவிட்டது, கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. 1792இல் வானாய்வகம் நிறுவப்பட்ட செய்தி அதில் தமிழ் உட்படப் பல மொழிகளில் செதுக்கப்பட்டிருக்கிறது.